தண்டையார்பேட்டைக் குடும்பமும் எல் சென்ட்ரோ வீடும்: ஒரு நிகழ்வு ஆய்வு

குடும்பம் தண்டையார்பேட்டை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். ஒரே மகளும் மாப்பிள்ளையும் கலிபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில், எல் சென்ட்ரோ என்ற ஊரில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். காய்கறி விதை நிறுவனம் ஒன்று அவரை அமெரிக்காவின் இன்னொரு மூலையிலிருந்து அங்கே மாற்றியது. ஐந்து வயதில் ஒரு பையன். அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கும் காரணங்களும் அப்படியேதான்.

என்னிடம் வந்த கேள்வி, தண்டையார்பேட்டை வீட்டை விற்று மகளுக்குப் பணம் அனுப்பலாமா என்பது. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் தெருவில் யாருக்குப் பத்திரச் சந்தேகம் வந்தாலும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். ஆனால் அங்கே வாங்கப்போகும் வீடு எப்படிப்பட்டது என்று தெரியாமல் இங்கே இருப்பதை விற்கச் சொல்ல முடியுமா? அதனால் எல் சென்ட்ரோவிலிருந்தே ஆரம்பித்தோம்.

பெற்றோர் இருவரும் மார்கழியில் அங்கே போய்த் தங்கிவிட்டு, பொங்கல் முடிந்து திரும்பியிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் பச்சை. லெட்டூஸ், கேரட், கால்நடைத் தீவனத்துக்கான குதிரைமசால். இதமான வெயில், மழையே இல்லை. ஊருக்கு வெளியே அரை ஏக்கரில் ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. வாசலில் நான்கு பேரீச்ச மரங்கள், பின்னால் வாய்க்கால். அரை ஏக்கர் என்றால் ஒன்பது கிரவுண்டு. அரை கிரவுண்டில் அண்ணன் தம்பியோடு பாகம் பிரித்துக்கொண்டு வாழ்ந்த மனிதருக்கு அந்தக் கணக்கே போதும், மயங்கிவிட்டார். விலை நான்கு லட்சத்துப் பதினைந்தாயிரம் டாலர். “தம்பி, இந்த விலைக்கு அண்ணா நகர்ல ஃபிளாட்டுதான் வரும். அங்க தோட்டமே வருது” என்றார்.

மகளும் மாப்பிள்ளையும் அங்கே குடிவந்தது அக்டோபரில். அதாவது அந்த ஊரின் கோடையை அவர்களே இன்னும் பார்த்திருக்கவில்லை.

பாலைவனம் எப்படிப் பச்சையானது

அந்தப் பகுதிக்கு இம்பீரியல் பள்ளத்தாக்கு என்று பெயர். ஆண்டு முழுவதற்குமான மழை சுமார் 75 மில்லிமீட்டர். நமக்கு ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பெய்துவிட்டுப் போகிற மழை அது. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். ஆனாலும் அங்கே நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. குளிர்காலத்தில் அமெரிக்கா தின்னும் கீரை, லெட்டூஸில் பெரும்பகுதி அங்கிருந்தும், பக்கத்து அரிசோனா மாநிலத்து யூமாவிலிருந்தும்தான் போகிறது.

தண்ணீர் முழுக்கக் கொலராடோ ஆற்றுத் தண்ணீர். ஆற்றின் குறுக்கே இம்பீரியல் அணையில் திருப்பி, சுமார் 80 மைல் நீளமுள்ள ஆல்-அமெரிக்கன் கால்வாய் வழியாகக் கொண்டுவருகிறார்கள். பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் தண்ணீர் தானாகவே இறங்கி ஓடிவருகிறது. எல் சென்ட்ரோ கடல் மட்டத்துக்குச் சுமார் 12 மீட்டர் கீழே. இதைச் சொன்னதும் அம்மா பயந்துவிட்டார். காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள், கடல் வீட்டைத் தின்பதை நேரில் பார்த்தவர்கள். கடல் அங்கிருந்து வெகுதூரம், நடுவில் மலைகள் இருக்கின்றன என்று விளக்கினோம். ஆனால் ஆறு ஒருமுறை உள்ளே வந்திருக்கிறது. 1905-இல் கால்வாய்க்காக வெட்டிய வாயை வெள்ளம் உடைத்துக்கொண்டு வந்து, 1907 வரை கொலராடோ ஆறு முழுசாகவே பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தது. அப்படித் தேங்கியதுதான் சால்டன் ஏரி. அந்த ஏரிக்குப் பிறகு வருகிறேன்.

ஆற்றுத் தண்ணீரைப் பங்குபோடுவது இம்பீரியல் பாசன மாவட்டம் என்ற பொது அமைப்பு. 1911-இல் தொடங்கியது, மின்சாரமும் அதுவே தருகிறது. அதன் ஆண்டுப் பங்கு 31 லட்சம் ஏக்கர்-அடி. அரிசோனா, நெவாடா இரண்டு மாநிலங்களுக்கும் சேர்த்து ஒதுக்கியதே அவ்வளவுதான். ஒரு ஏக்கர்-அடி என்பது ஏறக்குறைய 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர், பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் நூறு லாரிக்கு மேல். விவசாயிக்கு அதன் விலை 20 டாலர். 2019 கோடையில் ஒரு லாரிக்காகத் தெருவே ராத்திரி கண்விழித்துக் காத்திருந்ததை நினைத்தபடி இந்தக் கணக்கைக் கேட்ட அப்பா, “அப்ப தண்ணிக் கவலையே இல்ல” என்றார்.

அங்கேதான் விஷயம் மாறுகிறது. அந்த வளம் வயலுக்கு. வீட்டுக்கு வேறு கதை.

இரண்டு வீடு, இரண்டு தண்ணீர்

ஊர் எல்லைக்குள் இருக்கும் வீடுகளுக்கு நகராட்சி கால்வாய்த் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புகிறது. ஊருக்கு வெளியே உள்ள வீட்டுக்குக் கிடைப்பது சுத்திகரிக்காத வாய்க்கால் தண்ணீர்தான். வீட்டுக்காரர் அதைத் தொட்டியில் பிடித்து, வடிகட்டி, குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளலாம். குடிக்கவும் சமைக்கவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கென்று அங்கீகாரம் பெற்றவர்களிடம் தண்ணீர் வரவழைக்க வேண்டும் என்பது விதி. ஆழ்துளைக் கிணறு போடலாமே என்றால், அங்கே நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அமெரிக்கா போயும் கேன் தண்ணியா?”

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து அடிபம்பில் குடம் நிரப்பி, போரில் மஞ்சளாக வருவதைத் துணி கட்டி வடித்து, அப்புறம் குடிக்கக் கேன் வாங்கி ஓட்டிய வாழ்க்கை அது. மகளாவது குழாயைத் திறந்து குடிக்கட்டும் என்பது அவர் ஆசை. ஒன்பது கிரவுண்டு வீட்டின் மேலிருந்த மயக்கம் பாதி அன்றைக்கே தெளிந்தது.

மீதிப் பாதியைத் தெளியவைத்தது அப்பாவே. மகள் அனுப்பிய படங்களை அவர் கைப்பேசியில் விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் நிறுத்தும் கொட்டகையின் பக்கச் சுவர். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அதற்கு மேலே பெயின்ட் செதில் செதிலாக எழும்பியிருந்தது. மகள் அதைத் தூசி என்று நினைத்திருக்கிறாள். “இது தூசி இல்ல, உப்பு பூத்திருக்கு. நம்ம வீட்டு மேற்குச் சுவர் இப்படித்தான் பொரிஞ்சி உதிர்ந்தது” என்றார் அப்பா. அவர் ஊகம் சரி. கொலராடோ ஆறு உப்பைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. மழையில்லாத ஊரில் தண்ணீர் ஆவியாகிப்போக, உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். அதனால்தான் விவசாயிகள் வயலுக்கு அடியில் வடிகுழாய் பதித்து, கூடுதலாகத் தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். வயலுக்கு அந்த ஏற்பாடு இருக்கிறது, வீட்டுச் சுவருக்கு இல்லை. களிமண் வேறு, ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். வீட்டைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்டரிடம் அஸ்திவாரத்தையும் சுவரின் அடிப்பகுதியையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மகளுக்கு எழுதினோம். கடலோரத்தில் வீடு கட்டி வாழ்ந்தவன் கண்ணுக்கு ஒரு மதிப்பு உண்டு. எந்தத் தரகரும் அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

அங்கே விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளை எழுதிக் கொடுத்தாக வேண்டும். நிலநடுக்கப் பிளவு, வெள்ளம் போன்ற இயற்கை ஆபத்துகளுக்குத் தனி அறிக்கை உண்டு. ஒரு மைலுக்குள் விவசாய நிலம் இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்: மருந்து தெளிப்பார்கள், ராத்திரி டிராக்டர் ஓடும், நாற்றம் வரும், இதற்கெல்லாம் பிறகு புகார் சொல்லிப் பயனில்லை என்பது அதன் சாரம். நம் ஊரில் வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் பார்ப்போம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் மனை வாங்கியவர்களுக்கு அப்படி ஒரு காகிதம் கிடைத்திருந்தால் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

ஆகஸ்ட் வரை பொறுங்கள்

இந்த வழக்கில் நான் சொன்ன ஒரே உறுதியான யோசனை இதுதான். வீட்டை அதன் கெட்ட காலத்தில் பார்க்க வேண்டும். வட சென்னையில் மனை பார்ப்பவன் கார்த்திகையில் போய்ப் பார்க்க வேண்டும், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். எல் சென்ட்ரோவுக்கு அது ஆகஸ்ட். தரகர் அவசரப்படுத்தினார். சால்டன் ஏரிப் பக்கம் பூமிக்கடியில் லித்தியம் இருக்கிறது, ஆலைகள் வரப்போகின்றன, விலை ஏறிவிடும் என்றார். லித்தியம் இருப்பது உண்மை. புவிவெப்ப மின் நிலையங்கள் அங்கே பல ஆண்டுகளாக ஓடுகின்றன, அவை மேலே கொண்டுவரும் உப்பு நீரில்தான் அது இருக்கிறது. ஆனால் ‘வரப்போகுது’ என்று சொல்லி விற்பவர்களை நாம் பார்க்காதவர்களா? மெட்ரோ ரயில் விம்கோ நகருக்கு வந்து சேர்ந்தது 2021-இல். அதன் பேரைச் சொல்லி மனை விற்க ஆரம்பித்தது எப்போது என்று திருவொற்றியூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும்.

பொறுத்தார்கள். அந்த ஊரில் ஜூலைப் பகலின் சராசரி உச்சம் 42 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். ஜூன் வரை காற்று வறண்டிருப்பதால் தண்ணீரில் காற்றை நனைத்து அனுப்பும் ஏர் கூலர் சமாளித்தது. ஆகஸ்டில் தெற்கேயிருந்து ஈரக்காற்று வந்ததும் அது வெறும் புழுக்கப்பெட்டி ஆகிவிட்டது. ஏசியை இரவும் பகலும் நிறுத்த முடியவில்லை. பையனைக் காலை ஏழு மணிக்கு மேல் வெளியே விட முடியவில்லை. கலிபோர்னியாவின் மற்ற பகுதிகளைப் பார்த்தால் அங்கே மின்சாரம் மலிவுதான், ஆனாலும் சின்ன அபார்ட்மென்டுக்கே பில் மிரட்டியது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசத்தில் பழகிய அப்பாவுக்கு மகள் அதைச் சொல்லவே இல்லை. எனக்குத்தான் படம் அனுப்பினாள். விற்கிற வீட்டுக்காரரிடம் பன்னிரண்டு மாத மின் பில்லையும் கேட்டு வாங்குங்கள், ஜூலை முதல் செப்டம்பர் வரை மட்டும் பாருங்கள் என்றேன். மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு வேண்டாம். அம்மா கிழக்குப் பார்த்த வாசல் கேட்டது வாஸ்துவுக்காக. காரணம் எதுவானாலும், அந்த வெயிலில் அது கெட்ட யோசனை இல்லை. கூரையில் சோலார் பலகை இருந்தால் அது சொந்தமா, குத்தகையா என்று கேட்கவும் சொன்னேன். குத்தகை என்றால் மீதி ஆண்டுகளின் தவணை வாங்குபவர் தலையில் விழும்.

ஆகஸ்டில் இன்னொன்றும் தெரிந்தது. பையனுக்கு வீசிங் வந்தது.

சால்டன் ஏரிக்கு ஆற்றுத் தண்ணீர் நேராக வருவதில்லை. வயல்களின் வடிகால்தான் அதற்கு வரத்து. 2003-இல் ஓர் உடன்பாட்டின்படி பள்ளத்தாக்கின் பங்கில் ஒரு பகுதியை சான் டியகோவுக்கு மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வயலில் தண்ணீரை மிச்சம்பிடித்தால் வடிகால் குறையும், ஏரி சுருங்கும். ஈடாக ஏரிக்கு விட்டுவந்த தண்ணீரும் 2017 கடைசியோடு நின்றது. இன்று ஏரி கடலை விடப் பலமடங்கு என்று சொல்ல முடியாவிட்டாலும் நன்றாகவே அதிக உப்பு. கரை பின்வாங்கிய இடத்தில் நுண்ணிய மண் காய்ந்து கிடக்கிறது, காற்றடித்தால் கிளம்புகிறது. உழவுத் தூசி, வயலில் எரிக்கும் புகை, எல்லைக்கு அந்தப்புறம் மெக்சிகாலி நகரத்தின் புகை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. குழந்தைகளின் ஆஸ்துமா அந்த மாவட்டத்தில் பழைய பிரச்சினை. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுச் சாம்பலோடு எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரிக்குப் பக்கத்து ஊர்களில் விலை குறைவாக இருந்தும் அந்தத் திசையையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். வடிகட்டியை மாற்றுகிற வசதியுள்ள சென்ட்ரல் ஏசி கட்டாயம் என்று சேர்த்தோம்.

‘எல் சென்ட்ரோவா?’

கடலூரில் கட்டுமானப் பொறியாளராக இருக்கும் அப்பாவின் தம்பி மகன் ஊர்ப் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டான். கட்டட இயக்கவியல் படித்த எந்தப் பொறியாளருக்கும் அந்தப் பெயர் தெரியும். 1940 மே 18-இல் அங்கே வந்த நிலநடுக்கத்தைக் கருவி பதிவு செய்தது. நிலம் பிளந்த இடத்துக்கு அவ்வளவு அருகில் கிடைத்த முதல் பதிவுகளில் ஒன்று அது. இன்றுவரை பாடப்புத்தகங்களில் கட்டடத்தைச் சோதித்துப் பார்க்க ‘எல் சென்ட்ரோ’ அலையைத்தான் கொடுக்கிறார்கள். 1979-இலும் பெரிதாக ஆடியது. 2010 ஏப்ரல் 4-இல் எல்லைக்கு அந்தப்புறம் 7.2 அளவில் வந்தது.

வீட்டுக்கான வழக்கமான காப்பீட்டில் நிலநடுக்கமும் வெள்ளமும் சேராது. தனியாக எடுக்க வேண்டும். மர, பிளாஸ்டர் வீடுகள் என்பதால் உயிர்ச்சேதம் குறைவுதான். ஆனால் ஆட்டத்தில் கால்வாயும் உடையும், 1940-இல் உடைந்தது. அந்த ஊரில் எதைத் தொட்டாலும் கடைசியில் கால்வாயில் வந்து நிற்கிறது. ஆற்றைப் பங்குபோடும் 2007-ஆம் ஆண்டு விதிகளும் 2026-உடன் முடிகின்றன. பள்ளத்தாக்கின் உரிமை மிகப் பழையது, வலுவானது, அதனால் வெட்டு முதலில் அங்கே விழாது. ஆனால் வயலைத் தரிசாகப் போட்டுத் தண்ணீரைக் கொடுத்தால் பணம் என்று ஆகும்போது, வயலை நம்பியிருக்கும் வேலை, கடை, வாடகை எல்லாம் அசையும். இப்போதே வேலையின்மை நாட்டிலேயே மிக அதிகமாக இருக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. ஆகவே விற்று லாபம் பார்க்க அங்கே வீடு வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. குடியிருக்க என்றால் சரி.

நம் ஆட்கள் அங்கே எப்போதாவது இருந்திருக்கிறார்களா என்று அப்பா கேட்டார். நூறு ஆண்டுக்கு மேலாகவே. பஞ்சாபிலிருந்து போனவர்கள் 1910-களிலேயே அந்தப் பள்ளத்தாக்கில் உழுதார்கள். குடியுரிமை பெற முடியாதவர்கள் நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1913-இல் சட்டம் போட்டது. இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று 1923-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பிறர் பெயரிலும், மெக்சிகோப் பெண்களை மணந்து பெற்ற பிள்ளைகள் பெயரிலும் நிலத்தை வைத்துக்கொண்டு பயிர் செய்தார்கள். நாம் பினாமி என்று சொல்வதை அவர்கள் வேறு வழியில்லாமல் செய்தார்கள். 1946-இல்தான் குடியுரிமைக் கதவு திறந்தது. கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு அங்கே விவசாயம் பார்த்த தலீப் சிங் சவுந்த், 1956 தேர்தலில் வென்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் இந்தியர் ஆனார். பத்திரத்தில் தன் பெயர் ஏறுவதன் அருமை அந்த மண்ணில் பலருக்குத் தெரிந்திருக்கிறது.

பணம்

தண்டையார்பேட்டை வீட்டை விற்பதற்கு எதிராக நான் சொன்னது உணர்ச்சி சார்ந்ததில்லை. ஒரு வீட்டை விற்ற லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினால் கிடைக்கும் வரிவிலக்கு, புது வீடு இந்தியாவில் இருந்தால் மட்டும்தான். எல் சென்ட்ரோவில் வாங்கினால் லாபத்துக்கு முழு வரி. தவிர, பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அவசரத்துக்கு விற்றால் வாங்குபவர் அதைச் சொல்லியே விலையை அடிப்பார்.

பெரிய காரணம் விசா. கடன் மாப்பிள்ளை ஒருவர் சம்பளத்தை நம்பித்தான். எச்-1பி விசாவில் வேலை போனால் அடுத்த வேலைக்கு அதிகபட்சம் 60 நாள். அதற்குள் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும், வீட்டை வந்த விலைக்குத் தள்ள வேண்டும். அப்படி ஒரு நாள் வந்தால் மூன்று பேரும் வந்து இறங்க ஒரு வீடு வேண்டாமா? “அண்ணே, அவங்க கடனுக்கு உண்மையான காப்பீடு இந்த அரை கிரவுண்டுதான்” என்றேன். அம்மா உடனே தலையாட்டினார். அப்பாவுக்கு இரண்டு நாள் பேச்சில்லை, பிறகு ஒத்துக்கொண்டார்.

வாங்கியது ஊருக்குள், நகராட்சிக் குழாய் வரும் தெருவில், மூன்று படுக்கையறை வீடு. விலை மூன்று லட்சத்து அறுபதாயிரம் டாலர். பிள்ளைகள் கையில் நாற்பதாயிரம் இருந்தது. இருபது சதவீதம் முன்பணம் போட முடியவில்லை. பதினைந்து சதவீதம் கட்டினார்கள், அதனால் கடன் கொடுத்தவருக்காக ஒரு காப்பீட்டுக் கட்டணம் மாதாமாதம் சேரும். கடன் வீட்டு மதிப்பில் எண்பது சதவீதத்துக்கு இறங்கியதும் அதை நீக்கக் கேட்கலாம். பற்றாமல் போன தொகையைப் பெற்றோர் வைப்புநிதியிலிருந்து அனுப்பினார்கள். ஒருவர் ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் மீதிக்கு வங்கி இருபது சதவீதம் வரி பிடிக்கும். கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். அதனால் அப்பா ஒரு பத்து, அம்மா ஒரு பத்து. இது திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்று கடன் நிறுவனத்துக்கு ஒரு கடிதமும், பணம் வந்த வழிக்கு வங்கிக் கணக்குப் பிரதிகளும் கொடுக்க வேண்டியிருந்தது.

சொத்து வரி வாங்கிய விலையில் ஒரு சதவீதம், உள்ளூர்க் கடன் பத்திரங்களுக்காகக் கொஞ்சம் கூடுதல். மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது 1978-இலிருந்து இருக்கும் சட்டம். புதுக் குடியிருப்புகளில் சாலை, பள்ளிக்கென்று தனி வரி ஒன்றும் ஒட்டிக்கொள்ளும். இவர்கள் வாங்கியது பழைய தெரு, அது இல்லை.

இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கையில் பின்சுவரின் அடியில் கொஞ்சம் உப்பு இருப்பதாக எழுதியிருந்தார்கள். சுவரை ஒட்டிப் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்தான் காரணம். குழாயைத் தள்ளி வைக்கவும் பூச்சைச் சரிசெய்யவும் ஆகும் செலவை விலையில் கழித்துக்கொண்டார்கள். நிலநடுக்கக் காப்பீடு மட்டும் முடிவாகவில்லை. கழிவுத்தொகை, அதாவது சேதத்தில் நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, அதிகம், வேண்டாம் என்கிறார் மாப்பிள்ளை. கடலூர்த் தம்பி எடுத்தே ஆக வேண்டும் என்கிறான். நான் தம்பி பக்கம்.